புரொப்பேன் வினையூக்கிகள்: கரியை எரித்த பிறகு எது தாங்குகிறது?

புரொப்பேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிப் புரொப்பீனாக்கும் ஹைட்ரஜன் நீக்க வினையூக்கி வாங்கப் போனால் விற்பவர் முதலில் நீட்டுவது முதல் ஒரு மணி நேரத்து மாற்ற வீதமும் (புரொப்பேனில் எத்தனை சதவீதம் மாறியது) தேர்வுத்திறனும் (மாறியதில் எவ்வளவு புரொப்பீனானது) அச்சிட்ட தாளைத்தான். அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: ஓட ஓட வினையூக்கியின் மேல் படியும் கரியை இதுவரை எத்தனை முறை எரித்துப் பார்த்தீர்கள், பத்தாவது எரிப்புக்குப் பிறகு எண்கள் என்ன? பதில் சுற்றி வளைத்து வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புதுச் சரக்கில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

இங்கே எடுத்துக்கொண்டவை இரண்டு குடும்பங்கள். ஒன்று, அலுமினா மணிகளில் ஏற்றிய பிளாட்டினம்-வெள்ளீயம். யூஓபி நிறுவனத்தின் ஓலிஃபிளெக்ஸ் முறையில் சுற்றி வருவது. மற்றது குரோமியம் ஆக்சைடு-அலுமினா. கேட்டோஃபின் முறையின் உயிர்நாடி. காலியம், துத்தநாகம் சேர்த்த புதிய வரவுகளைக் கடைசியில் தொட்டுப் பார்ப்போம்.

முதலில் கூரை, அதாவது சமநிலை விதிக்கும் மாற்ற எல்லை, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். புரொப்பேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்ற மோலுக்குச் சுமார் 124 கிலோஜூல் செலவு. வெளியிலிருந்து சூடு தராவிட்டால், மாற்றம் 10 சதவீதம் கூடும்போதெல்லாம் வாயு ஏறக்குறைய 80 டிகிரி குளிர்ந்துவிடும். 1 பார் அழுத்தத்தில் பாதி புரொப்பேன் மாற வேண்டுமென்றால் 590 முதல் 600 டிகிரி செல்சியஸ் தேவை. அதே சூட்டில் அழுத்தத்தை 0.5 பாருக்கு இறக்கினால் சமநிலை மாற்றம் 63 சதவீதம் வரை ஏறும். புரொப்பேனுக்குச் சம அளவு ஹைட்ரஜனைக் கலந்து 1 பாரில் விட்டாலோ 37-க்கு விழும். எந்த வினையூக்கியும் இந்தக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாது. ஆகவே "1 பார், 600 டிகிரி, 70 சதவீத மாற்றம்" என்று யாராவது காட்டினால் ஊட்டத்தை, அதாவது உலைக்குள் விடும் வாயுவை, பாருங்கள்: புரொப்பேன் 5 சதவீதமும் மீதி நைட்ரஜனுமாக இருக்கும். அப்படி இல்லையென்றால் வெப்பமானி தவறான இடத்தில் இருக்கிறது.

பிளாட்டினம்-வெள்ளீயம்

கையில் எடுத்தால் சுமார் 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள். கடுகு அளவுதான். பிளாட்டினம் எடையில் அரை சதவீதத்துக்கும் கீழே. வெள்ளீயம் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ. அதோடு கொஞ்சம் பொட்டாசியம். உலோகத்தைச் சுமக்கும் தாங்கியாகத் தீட்டா அலுமினாவை எடுப்பதற்குக் காரணம், காமா வகையைவிட அதில் அமிலத்தன்மை குறைவு, சூட்டில் சுருங்குவதும் குறைவு.

பிளாட்டினம் தனியாக இருந்தால் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்போடு நிற்காமல் கார்பன்-கார்பன் பிணைப்பையும் வெட்டத் தொடங்கும். அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் பல பிளாட்டின அணுக்கள் வேண்டும். வெள்ளீயம் இடையில் புகுந்து அந்தக் கூட்டத்தைக் கலைக்கிறது. புரொப்பீன் உலோகத்தைப் பற்றும் பிடியையும் தளர்த்துகிறது. மேலும் ஹைட்ரஜன் இழந்து கரியாவதற்குள் அது கழன்று போய்விடுகிறது. உருவாகும் கரியில் ஒரு பகுதி உலோகத்தை விட்டுத் தாங்கியின் மேல் ஒதுங்குவதும் வெள்ளீயத்தின் புண்ணியம். பொட்டாசியத்தின் வேலை அலுமினாவின் அமில இடங்களை அடைப்பது. அதைக் குறைத்தால் மூலக்கூறு உடையும் பிளவும் கரியும் கூடும். அளவு மீறிப் போட்டால் பிளாட்டினத்தையே மூடி வேகத்தைக் குறைக்கும்.

தேர்வுத்திறன் 90 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். இந்த ஒற்றை எண்ணின் மதிப்பைக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு டன் புரொப்பீனுக்குக் கோட்பாட்டளவில் 1.05 டன் புரொப்பேன் வேண்டும். தேர்வுத்திறன் 90 ஆனால் 1.16 டன், 85 ஆனால் 1.23 டன். டன்னுக்கு 70 கிலோ ஊட்டம் புகைபோக்கிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் போகிறது. பிளாட்டினத்தின் விலையைக் கேட்டு மிரள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மிரளட்டும்.

மணிகள் வரிசையாக நிற்கும் மூன்று நான்கு உலைகள் வழியே மெல்ல இறங்கி, ஒரு சுற்றை 5 முதல் 10 நாளில் முடிக்கின்றன. உலைகளுக்கு நடுவே வாயுவைத் திரும்பச் சூடேற்றுகிறார்கள். ஆண்டுக்கு 36 முதல் 73 எரிப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் ஒவ்வொரு எரிப்பும் ஆபத்தான கட்டம். ஆக்சிஜன் பட்டதும் வெள்ளீயம் பிளாட்டினத்தை விட்டுப் பிரிந்து ஆக்சைடாகிவிடும். ஒன்றிரண்டு நானோமீட்டராக இருந்த பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும். அதனால்தான் கரியை எரித்த பின் குளோரினும் காற்றும் சேர்த்து ஒரு கட்டம்: பிளாட்டினம் குளோரைடாகி நகர்ந்து மறுபடி பரவுகிறது. பிறகு உலர்த்தல், கடைசியாக ஹைட்ரஜனில் ஒடுக்கம், அதாவது பிளாட்டினத்தை மறுபடி உலோகமாக்குவது. நான்கில் ஒன்றைக் கஞ்சத்தனமாக நடத்தினாலும் அடுத்த சுற்றில் தெரிந்துவிடும். குளோரின் மிஞ்சினால் மீத்தேனும் எத்திலீனும் கூடும். உலர்த்தாமல் ஒடுக்கினால் ஈரமே துகள்களைப் பெருக்க வைக்கும்.

எரிப்பு சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு பிளேடு போதும். புதுப்பித்தலிலிருந்து இறங்கும் மணியை நடுவில் வெட்டுங்கள். முழுக்க வெளுத்திருந்தால் நல்லது. ஓரம் வெள்ளையாகவும் உள்ளே கரும்புள்ளியாகவும் இருந்தால் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள். எரிப்பு மண்டலத்தில் ஆக்சிஜன் 1 சதவீத அளவில் கட்டுப்படுத்தப்படுகிறது. குளோரின் மண்டலத்திலோ காற்று தாராளம். கரும்புள்ளியோடு மணி அங்கே போனால் உட்கரி குப்பென்று எரியும். அந்தச் சூட்டில் அலுமினா ஆல்ஃபா வகைக்கு மாறிவிடும். பரப்பு போய், மணி சுருங்கி, கெட்டிப்பட்டு, மறுபடி வேலைக்கு ஆகாது. மேலே நல்ல மணிகள், நடுநடுவே செத்த மணிகள் என்று உலையை நிரப்பிய படுகை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இன்னொரு குறை தூசி. மணிகள் உருண்டு உரசும்போது உதிரும் பொடியில் பிளாட்டினம் இருக்கிறது. அது உலையின் வலைத்திரைகளையும் அடைக்கும். பொடியைக் குப்பை என்று ஒதுக்காமல் எடைபோட்டுக் கணக்கில் வைக்கிறவர்கள்தான் ஆண்டு முடிவில் பிளாட்டினம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்காது.

சோதனைக்கூடத்தில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு தொடக்க அளவு. 10 கிராம் தீட்டா அலுமினாவுக்கு 0.3 சதவீதப் பிளாட்டினம், 0.3 சதவீத வெள்ளீயம், 0.6 சதவீதப் பொட்டாசியம் வேண்டுமென்றால்: ஹெக்சாகுளோரோபிளாட்டினிக் அமில ஹெக்சாஹைட்ரேட் 80 மில்லிகிராம், வெள்ளீய குளோரைடு டைஹைட்ரேட் 57 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 155 மில்லிகிராம். அணுக்கணக்கில் ஒரு பிளாட்டினத்துக்கு 1.6 வெள்ளீயம். வெள்ளீய உப்பை வெறும் நீரில் போட்டால் நீராற்பகுத்துக் கலங்கிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். பிளாட்டினக் கரைசலைச் சேர்த்ததும் ஆழ்ந்த செந்நிறம் வந்தால் இரண்டும் ஒரே அணைவில் சேர்ந்துவிட்டன. கரைசலின் பருமன் அலுமினாவின் துளைப் பருமனைத் தாண்டக் கூடாது. அவசரமாக உலர்த்தினால் உலோகம் மணியின் தோலுக்கு இழுபட்டுப் போகும். பொட்டாசியத்தைத் தனியாகப் பின்னால் ஏற்றுவது நல்லது. ஒடுக்குவதற்கு முன் 500 டிகிரியில் நீராவி கலந்த காற்றைச் சில மணி நேரம் விட்டுக் குளோரைடை வெளியேற்றுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது. பிறகு பிளவு அதிகம் என்று வெள்ளீயத்தின் மேல் பழி போடுவார்கள்.

குரோமியம் ஆக்சைடு

இது மூத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே பியூட்டேனைப் பியூட்டீனாக்கியது. குரோமியம் ஆக்சைடு 18 முதல் 20 சதவீதம், 1 முதல் 2 சதவீதம் சோடியம் அல்லது பொட்டாசியம், மீதி அலுமினா. விலைமதிப்பான உலோகம் எதுவும் கிடையாது, குளோரினும் வேண்டாம், காற்று விட்டால் கரி எரிந்துவிடும்.

முறையே வேறு. 0.2 முதல் 0.5 பார் வரை, வளிமண்டலத்துக்குக் கீழே ஓட்டுகிறார்கள். எனவே வாயு உலையை ஒருமுறை கடக்கும்போது கிடைக்கும் மாற்றம் பிளாட்டின முறையைவிட அதிகம். சூட்டைப் படுகையே சேமித்து வைத்திருக்கும். ஒரு சுற்று மொத்தம் 20 முதல் 25 நிமிடம். புரொப்பேன் ஓடுவது அதில் பாதிக்கும் குறைவு. மீதி நேரம் நீராவியால் துடைப்பது, சூடான காற்றால் கரியை எரித்துப் படுகையைச் சூடாக்குவது, வெற்றிடமாக்குவது, ஒடுக்குவது. கரி இங்கே எரிபொருளும்கூட. 25 நிமிடச் சுற்று என்றால் ஆண்டுக்கு 21,000 எரிப்புகள். இரண்டாண்டில் 42,000 முறை எரிந்தும் வேலை செய்கிற பொருளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சாகும்போது திரும்பாமல் சாகிறது. குரோமியம் மெல்ல மெல்ல அலுமினாவின் படிகக்கட்டுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். மாணிக்கக் கல்லில் இருப்பதும் ஆல்ஃபா அலுமினாவுக்குள் சிக்கிய குரோமியம்தான். கல்லுக்கு அது அழகு, வினையூக்கிக்குச் சாவு. எந்த எரிப்பாலும் அதை மேலே கொண்டுவர முடியாது. சூடு ஏற ஏற இது வேகமாக நடக்கும். வயதான படுகையில் மாற்றம் குறைகிறதே என்று காற்றின் சூட்டை ஏற்றுவார்கள். குரோமியம் இன்னும் வேகமாக உள்ளே போகும். கடைசி மாதங்களில் இந்தச் சுழலில் மாட்டாத படுகை அபூர்வம். இதைத் தள்ளிப்போடத்தான் வெப்பம் தரும் துணை மணிகளைக் கலக்கிறார்கள். செம்பு ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு கொண்ட அவை ஒடுங்கும்போதும் மறுபடி ஆக்சிஜனேற்றம் ஆகும்போதும் படுகைக்குள்ளேயே சூடு விடும். காற்றின் சூட்டை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை.

நீராவி இதற்கு ஆகாது. புரொப்பேனோடு நீராவி கலந்து ஓட்டினால் நீர் போய் வினை நடக்கும் இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். நீராவியை ஊட்டத்தில் கலந்து ஓட்டும் முறைகள் பிளாட்டினம் பக்கம் போனதற்கு இதுவே காரணம். எரிப்பு முடிந்ததும் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறாம் இணைதிற நிலையில் இருக்கும். மஞ்சள் சாயல் அதன் அடையாளம், ஒடுங்கினால் பச்சை. ஒடுக்காமல் நேரே புரொப்பேனை விட்டால் முதல் நிமிடங்களில் அது கார்பன் டை ஆக்சைடும் நீருமாகப் போகும், அந்த நீரும் தொல்லை தரும்.

ஆறாம் நிலைக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது. படுகையை இறக்கும் முன் கடைசியாக ஓட்ட வேண்டியது ஒடுக்கும் வாயு, காற்று அல்ல. மஞ்சள் தூசி கண்ணில் பட்டால் வேலையை நிறுத்த வேண்டும். சோதனைக்கூடத்தில் குரோமியம் டிரையாக்சைடு கரைசலால் தயாரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குரோமியம் நைட்ரேட்டில் தொடங்கினால் கரைசல் நிலையிலாவது ஆபத்து குறைகிறது.

சோதிக்கும்போது ஏமாறும் இடங்கள்

0.2 கிராம் வினையூக்கிக்கு, ஒரு மணி நேரத்தில் அதன் எடையில் மூன்று மடங்கு ஊட்டம் என்றால் புரொப்பேன் நிமிடத்துக்கு சுமார் 5.5 மி.லி. மட்டுமே. இவ்வளவு சிறிய ஓட்டத்தில் கசிவும் அளவீட்டுப் பிழையும் பெரிதாகத் தெரியும். 250 முதல் 425 மைக்ரான் துகள்களாகச் சலித்து, குவார்ட்ஸ் மணலோ சிலிக்கன் கார்பைடோ கலந்து பரப்புங்கள். கலக்காவிட்டால் படுகையின் நடு குளிர்ந்து, வெளிச்சுவரின் சூட்டை வினையின் சூடென்று எழுத வேண்டிவரும். வெப்பமானி படுகைக்குள் இருக்க வேண்டும்.

குழாய் குவார்ட்ஸ். துருப்பிடிக்காத எஃகின் நிக்கலும் இரும்பும் தாமே கரியை இழை இழையாக வளர்க்கும். வெற்றுக் குழாயை முதலில் ஓட்டிப் பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். 620 டிகிரியைத் தாண்டினால் வெற்றுக் குழாயே மீத்தேனும் எத்திலீனும் தரத் தொடங்கும். ஆலையில் இதே சுவர்க்கரியை அடக்கத்தான் ஊட்டத்தில் மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மம் சேர்க்கிறார்கள். விஷம் என்று வெளியே நிறுத்திய பொருளை அளந்து உள்ளே விடுவது வேடிக்கைதான். அளவு மீறினால் பிளாட்டினம் மந்தமாகும். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆர்சனிக், ஈயம் அப்படியல்ல, ஏறினால் இறங்காது. அவற்றை முன்கூட்டியே பிடித்துவிடும் காப்புப் படுகை கட்டாயம்.

பக்கவிளைபொருள்களைப் படித்தாலே நோய் தெரியும். மீத்தேனும் எத்திலீனும் கிட்டத்தட்டச் சம மோல் அளவில் வந்தால் சூட்டுப் பிளவு அல்லது அமிலப் பிளவு. எத்திலீனுக்குப் பதில் ஈத்தேன் மிகுந்தால் உலோகம் பிணைப்பை வெட்டுகிறது, வெள்ளீயம் போதவில்லை. பிளாட்டினம் எத்திலீனையும் ஈத்தேனாக்கக் கூடியது என்பதால் ஹைட்ரஜன் அதிகமுள்ள ஓட்டத்தில் இந்த அடையாளம் கொஞ்சம் மங்கும்.

மிகப் பெரிய ஏமாற்று சமநிலைக்குப் பக்கத்தில் சோதிப்பது. தேவைக்கு மேல் வினையூக்கியை அடைத்து வைத்தால் பாதி செத்த பிறகும் மாற்ற வீதம் அசையாது. வரைபடத்தில் நேர்கோடு, அறிக்கையில் "சிதைவே இல்லை". தொடக்க மாற்றத்தைச் சமநிலைக்கு நன்றாகக் கீழே வையுங்கள். சிதைவு மாறிலியைக் கணக்கிட, மாறாத பங்கை மாறிய பங்கால் வகுத்து இயல் மடக்கை (ln) எடுத்து, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, ஓடிய மணி நேரத்தால் வகுக்க வேண்டும். மாற்றம் 40 சதவீதத்திலிருந்து 10 மணி நேரத்தில் 30-க்கு இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு 0.044. இந்த எண்ணை முதல் சுற்றிலும் பத்தாவது சுற்றிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எரிக்கும்போது 600 டிகிரியில் காற்றைத் திறந்துவிடாமல், 400-இல் 1 சதவீத ஆக்சிஜனோடு தொடங்கி 500 வரை மெல்ல ஏற்றி, கார்பன் டை ஆக்சைடு நின்ற பிறகு மட்டும் ஆக்சிஜனைக் கூட்டுங்கள்.

புதிய வரவுகள்

காலியம்-பிளாட்டினம் கவனிக்க வேண்டியது. அலுமினாவில் காலியம் 3 சதவீதம் அளவில், பிளாட்டினம் 0.1 சதவீதமோ அதற்கும் கீழோ, சிறிது பொட்டாசியம். பொடியாகப் பாயும் படுகையில் ஓட்டி, தனி எரிப்புக் கலத்தில் சூடேற்றித் திரும்பக் கொண்டுவரும் முறைக்கு டவ் நிறுவனம் இதைக் கையாள்கிறது. அடிக்கடி காற்றில் எரிவதைத் தாங்குவதே இதன் பலம். குளோரின் கட்டத்தின் தலைவலி இல்லை.

சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தின் துளைகளுக்குள் அடைத்த பிளாட்டினம்-துத்தநாகம் ஆய்வுக் கட்டுரைகளில் ஜொலிக்கிறது. 550 டிகிரியில் நாள்கணக்கில் நிற்கிறது. வாங்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். 600-ஐத் தாண்டி ஹைட்ரஜனில் ஓட்டினால் துத்தநாகம் ஒடுங்கி ஆவியாய் நழுவும். மணியாக்கச் சேர்க்கும் அலுமினாப் பிணைப்பான் அமில இடங்களைத் திரும்பக் கொண்டுவரும். பொடியாகக் கிடைத்த எண்களை மணியில் கேட்டுப் பார்த்தால் பேச்சு குறைந்துவிடும். நிக்கல், இரும்பு என்று மலிவைத் தேடுவதும் பெரும்பாலும் மீத்தேன் தயாரிப்பதில்தான் முடியும். ஐசோபியூட்டேனுக்குச் சமநிலை இன்னும் சாதகம் என்பதால் இரு குடும்பங்களும் நன்றாகவே ஓடும். ஈத்தேனுக்கோ 700-க்கு மேல் போக வேண்டும்; அங்கே நீராவிப் பிளவு உலையோடு இவை போட்டி போட முடியாது.

தொடர்ந்து ஓடும் பெரிய ஆலை, ஊட்டத்தைச் சுத்தப்படுத்த முழு ஏற்பாடு, குளோரினைக் கையாளப் பழகிய ஆட்கள் இருந்தால் பிளாட்டினம்-வெள்ளீயம். ஊட்டத்தின் தரம் அவ்வப்போது தடுமாறும், விலைமதிப்பான உலோகத்தில் முதலை முடக்க மனமில்லை, சுற்றுக்குச் சுற்று வாயுவை மாற்றிவிடும் வால்வுகளின் பராமரிப்பில் கெட்டி என்றால் குரோமியம்.

எதை எடுத்தாலும் பழைய சரக்கை இறக்கும் நாளை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குரோமியப் படுகை ஆபத்தான கழிவாகப் போகும், அந்தச் செலவு உங்களுடையது. பிளாட்டின மணிகள் உலோக மீட்புக்குப் போய்ப் பணமாகத் திரும்பும். அங்கே சண்டை எடையில் வரும். மணி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், உள்ளே கரியும் இருக்கும். எனவே மாதிரியை உயர் சூட்டில் எரித்து, இழந்த எடையைக் கழித்து, உலர் நிலைக் கணக்கில் பிளாட்டினச் சதவீதத்தைப் பேசுங்கள். மாதிரியை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுத்து, ஒரு பங்கை முத்திரையிட்டு உங்கள் அலமாரியில் வையுங்கள்.